மேரிறோஸ் வரைந்த பழைய படங்கள்

மேரிறோஸ் எவரையும் எடுத்த எடுப்பில் நம்புகிறவள் அல்ல. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பத்தொன்பது வயதில் அவள் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வர்ணம் தீட்டுகிற வேலை. கன்னத்துக்கு இளஞ்சிவப்பு, சேலைக் கரைக்குப் பொன்னிறம். ஒருநாள் முதலாளி கலியாணப் பேச்சுக்கு அனுப்ப வேண்டிய ஒரு பெண்ணின் படத்தைக் கொடுத்து, கழுத்தில் இருந்த தீக்காயத் தழும்பை எடுத்துவிடச் சொன்னார். மேரிறோஸ் இருந்த சுவடே தெரியாமல் எடுத்துக் கொடுத்தாள். கலியாணம் முற்றாகி நடந்தும் முடிந்தது. எட்டு மாதம் கழித்து மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்தப் படத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்து மேசையில் அடித்து, “இதை அழிச்சது ஆர்?” என்று கத்தினார். முதலாளி மேரிறோஸைக் கைகாட்டினார்.

அதன்பிறகு யாராவது ஒரு படத்தைத் திருத்தித் தரச் சொன்னால் அவள் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை. கொண்டுவந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

எண்பத்தாறில் கணவன் கஸ்பருக்குப் பின்னால் லண்டன் வந்தாள். பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்தட்டில் இரண்டு அறை. கஸ்பர் பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றான். அவள் பின்னேரங்களில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைகளைத் துப்புரவு செய்தாள். அகதி அந்தஸ்து கிடைக்கவில்லை. தற்காலிகமாகத் தங்கலாம் என்ற அனுமதிதான். அதையும் காலம் முடிய முடியக் குரோய்டனில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்கு எழுதி நீட்டிக்க வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், அவர்கள் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் பழைய சாமான் விற்பனை நடந்தது. ஒரு பெட்டிக்குள் தடித்த மட்டை போட்ட புத்தகங்கள் கிடந்தன. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் ஆண்டுமலர்கள். எல்லாம் அறுபது எழுபது வருடம் பழையவை. மேரிறோஸ் ஒன்றைத் திறந்தாள். காகிதம் பஞ்சுபோலத் தடிப்பாக இருந்தது. இடைக்கிடை மெல்லிய தாள் மூடி ஒட்டிய வர்ணப் படங்கள். மழைக்கோட்டுப் போட்ட வாத்துகள், உயர்ந்த புல்லுக்குள் நின்று பட்டம் விடும் பிள்ளைகள், ஒரு நத்தையின் பின்னால் வரிசையாகப் போகும் குள்ளர்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் எறும்பு அளவில் ‘டபிள்யூ. ஆஸ்கியூ’ என்று கையெழுத்து.

நல்ல படம் ஒன்றின் மேல் எந்தக் காலத்துப் பிள்ளையோ சிவப்பு மெழுகுக் குச்சியால் கிறுக்கி வைத்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இதை எடுக்கலாம்” என்றாள் மேரிறோஸ் ஆங்கிலத்தில். கன்னியர் மடத்தில் படித்தவள், ஆங்கிலத்துக்குப் பயமில்லை. “ஒற்றுத்தாளை வைத்து மெல்லச் சூடு காட்டினால் மெழுகு ஏறிவிடும். மிச்சத்தைப் பாண் துண்டால் தேய்க்கலாம்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெயர் லாம்பர்ட். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பழைய புத்தகம் வாங்கி விற்பவர் என்றார். அந்த ஆண்டுமலரை வாங்கி அவள் கையிலேயே கொடுத்து, விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து வந்தபோது சிவப்புக் கோடு இருந்த இடம் தெரியவில்லை. லாம்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அன்றிலிருந்து மாதம் இரண்டு தரம் புத்தகங்களோடு படியேறினார். கிறுக்கல் எடுப்பது, கிழிசல் ஒட்டுவது, உதிர்ந்த வர்ணத்தை நிரப்புவது. கூலியை அன்றன்றே கையில் கொடுத்துவிடுவார். தேத்தண்ணி கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்பார்.

“வீட்டுக்கு வாற மனிசன் ஒரு தேத்தண்ணி குடிக்கமாட்டான் எண்டால் அதில ஏதோ இருக்கு” என்றான் கஸ்பர்.

“அவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாதாம்.”

“அப்ப வெறும் தேத்தண்ணி குடிக்கலாம்தானே? எங்க கடை வச்சிருக்கிறாராம்?”

“கன இடத்தில விக்கிறாராம்.”

“கன இடம் எண்டால் ஒரு இடமும் இல்லை எண்டு அர்த்தம்.”

லாம்பர்ட் வரும் நாட்களில் கஸ்பர் ஷிப்ட் மாற்றி வீட்டில் நிற்கத் தொடங்கினான். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அதைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். மனைவியில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. வேறு ஏதோ பிழை என்று மட்டும் தெரிந்தது. அது என்னவென்று தெரியாததுதான் அவனை வருத்தியது.

அடுத்த வருடம் வேலை மாறியது. கறுப்புக் கோட்டுப் படங்களை வெட்டிக் கொண்டுவந்து வர்ணம் தீட்டச் சொன்னார். பிறகு வெறுந்தாள் கொண்டுவந்து, ஆண்டுமலரில் உள்ள ஒரு படத்தை அப்படியே பெரிதாக வரையச் சொன்னார். பிள்ளைகளின் அறையில் மாட்டக் கேட்கிறார்கள் என்றார். மேரிறோஸ் வரைந்தாள். மூலையில் இருந்த கையெழுத்தையும், படத்தின் ஒரு பகுதி என்று நினைத்து, அப்படியே எழுதினாள். லாம்பர்ட் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததை அவள் கவனித்தாள்.

பிறகு புதிய படங்கள் கேட்டார். அதே பிள்ளைகள், அதே வாத்துகள். ஆனால் எந்தப் புத்தகத்திலும் வராத காட்சி. “கடற்கரையில் விளையாடுவதுபோல ஒன்று செய்யுங்களேன்” என்றார். படத்தின் கீழ் ஓரத்தில், அச்சகத்துக்கு எழுதும் குறிப்புப்போல, நீலப் பென்சிலால் ‘ஐந்து அங்குலமாகச் சுருக்கவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்.

“பிள்ளைகளின் அறையில் மாட்டும் படத்துக்கு இது எதற்கு?” என்று கேட்டாள்.

“பழைய பாணியில் இருந்தால் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கும்.”

மேரிறோஸ் தலையாட்டிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனபின் அவர் தந்த வெறுந்தாளை எடுத்து அதே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தாளுக்குள் ஆலையின் பெயரும் 1927 என்ற இலக்கமும் நீரெழுத்தாகத் தெரிந்தன. வரைதாள் எந்தக் கடையிலும் வாங்கலாம். அறுபத்தைந்து வருடப் பழைய தாளைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவை என்ன?

அடுத்த முறை லாம்பர்ட் தாள்களை வைத்துக் கொண்டுவந்த பையில் ஒரு கடையின் விலாசம் அச்சடித்திருந்தது. இஸ்லிங்டனில், பழம்பொருள் கடைகள் உள்ள ஒரு சந்து. தொண்ணூற்றிரண்டு மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மேரிறோஸ் தனியாகப் போனாள். கடை வாசலை நெருங்க முன்னரே அவள் வரைந்த கடற்கரைப் படம் கண்ணில் பட்டது. பொன்முலாம் பூசிய சட்டத்துக்குள் இருந்தது. கீழே ஒரு சிறிய அட்டை: ‘வினிஃப்ரெட் ஆஸ்கியூ, மறைவு 1951. கையால் வரைந்த மூலச் சித்திரம், சுமார் 1927. இதுவரை அச்சில் வராதது.’ போட்டிருந்த விலைக்குக் கஸ்பர் இரண்டு மாதம் நின்று வேலை செய்ய வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் லாம்பர்ட் ஒரு தம்பதியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கையில் தேநீர்க் கோப்பை இருந்தது.

அவள் உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கச் சுவரோடு நின்றாள். தான் வரைந்தது அவ்வளவு விலைக்குப் போகிறதே என்று ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்ததாகவும், அதற்காகவே பிறகு கனநாள் வெட்கப்பட்டதாகவும் பின்னாளில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கஸ்பரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழும்பிப் போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

“எத்தனை படம் கீறினனீர்?”

“பத்தொன்பது.”

“பத்தொன்பதிலயும் அந்தக் கையெழுத்து இருக்கோ?”

“ஓம்.”

“அப்ப பொலிசுக்குப் போனால் முதல் பிடிபடுறது நீர்தான். அவன் தனக்கு ஒண்டும் தெரியாது எண்டுவான். குரோய்டனில இருந்து கடிதம் வாற நேரம் இது. பேசாமல் இரும், மேரி. இனி அவன் வந்தால் கை நோகுது எண்டு சொல்லும்.”

“செத்துப்போன மனிசியின்ர பேரை எழுதியிருக்கிறன். அவவுக்குப் பிள்ளையள் இருக்கலாம். சும்மா இருக்க என்னால ஏலாது.”

லாம்பர்ட்டிடம் கை நோகிறது என்றுதான் சொன்னாள். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. “வேறு யாருக்காவது வரைகிறீர்களா?” என்று கேட்டுவிட்டு, மேசையில் காய்ந்துகொண்டிருந்த தூரிகைகளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மேரிறோஸ் ஆண்டுமலரின் பதிப்பகத்தைத் தேடி நூலகத்துக்குப் போனாள். அது பல வருடங்களுக்கு முன்னரே ஒரு பெரிய கொம்பனியோடு சேர்ந்துவிட்டிருந்தது. அந்தக் கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். காலஞ்சென்ற ஆஸ்கியூவின் குடும்பத்தார் எவராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாள். கலியாணத்துக்கு முந்திய பெயரைப் போட்டு, வீட்டு விலாசத்துக்குப் பதிலாகக் கோயில் விலாசத்தைக் கொடுத்தாள்.

கொம்பனி அந்தக் கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆறு கிழமை கழித்துக் கோயிலுக்கு ஒரு தபாலட்டை வந்தது. நடுங்கிய எழுத்தில் மூன்றே வரி.

‘நான் சாகவில்லை. நீ யார்? உனக்கு என்ன வேண்டும்?’

கீழே வால்தம்ஸ்டோ விலாசம் ஒன்றும், டபிள்யூ. ஆஸ்கியூ என்ற கையெழுத்தும் இருந்தன. மேரிறோஸ் பத்தொன்பது தரம் எழுதிய அதே கையெழுத்து.

வினிஃப்ரெட் ஆஸ்கியூவுக்கு அப்போது தொண்ணூற்றொரு வயது. முதியோருக்காக நகரசபைக் கவுன்சில் கட்டிய தொடர்வீட்டில் தனியாக இருந்தார். கதவைச் சங்கிலியோடு மூன்று விரல் அகலத்துக்குத் திறந்து, “எதை விற்க வந்தாய்?” என்றார்.

“ஒன்றும் விற்க வரவில்லை. உங்கள் பெயரில் ஒருவர் விற்கிறார். அதைச் சொல்ல வந்தேன்.”

“என் பெயரில் விற்க என்ன இருக்கிறது?”

மேரிறோஸ் கொண்டுபோன படத்தைக் கதவு இடுக்கு வழியாகக் கொடுத்தாள். முடிக்காமல் விட்ட ஒரு கடற்கரைப் படம். கதவு சாத்தப்பட்டது. மழைத் தூறலில் அவள் நெடுநேரம் நின்றாள். படத்தை வைத்துக்கொண்டு கிழவி பொலிசுக்குத் தொலைபேசியில் பேசுகிறாரோ என்று நினைத்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு அடி வைத்தபோது சங்கிலி கழன்ற சத்தம் கேட்டது.

“இது என்னுடையது இல்லை” என்றார் மிஸ் ஆஸ்கியூ.

“தெரியும். நான் வரைந்தது.”

“நீயா?”

அந்த ஒற்றைச் சொல்லில் இருந்த அவநம்பிக்கை மேரிறோஸுக்குச் சுட்டது. கிழவி அவளை மேசையடியில் இருத்தி, பென்சிலும் ஒரு கடித உறையும் கொடுத்து, “வாத்து” என்றார். மேரிறோஸ் வரைந்தாள். மிஸ் ஆஸ்கியூ பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“சரி, நீதான். நான் எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? இந்தப் பிள்ளைகளுக்கு முழங்கால் இருக்கிறது. எனக்கு முழங்கால் வரையவே வராது. அதனால்தான் எல்லாரையும் புல்லுக்குள் நிறுத்தினேன். என் பிள்ளைகள் ஒருநாளும் கடற்கரைக்குப் போனதில்லை.”

பிறகு சொன்னார்: அவருடைய மூலப் படங்கள் எல்லாம் பதிப்பகத்தின் கிடங்கில் இருந்தன. நாற்பதாம் ஆண்டு டிசம்பர் குண்டுவீச்சில் கிடங்கு எரிந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன்பிறகு அவரை எவரும் கேட்கவில்லை. முப்பது வருடம் ஒரு தையல் பள்ளியில் எழுத்தர் வேலை பார்த்தார்.

“அந்த ஆள் என்ன விலை போட்டிருக்கிறான்?”

மேரிறோஸ் சொன்னாள். “உயிரோடு இருந்த எனக்குப் பதிப்பகத்தார் ஒரு படத்துக்கு இரண்டு கினிக் காசுதான் தந்தார்கள்” என்றார் மிஸ் ஆஸ்கியூ. “என்னை அங்கே கூட்டிப் போ.”

அடுத்த சனிக்கிழமை மினிகாப் பிடித்து இருவரும் இஸ்லிங்டன் போனார்கள். கஸ்பரும் வந்தான். வரமாட்டேன் என்று காலை முழுதும் சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு முன் சீற்றில் ஏறினான்.

கடைக்குள் வேறு ஆட்கள் இல்லை. லாம்பர்ட்டின் கண் மேரிறோஸிடமிருந்து கைத்தடி ஊன்றிய கிழவிக்குப் போய், திரும்பி வந்தது.

“இந்த அட்டையில் நான் ஐம்பத்தொன்றில் செத்துவிட்டதாக எழுதியிருக்கிறது” என்றார் மிஸ் ஆஸ்கியூ. “எந்த மாதம் என்று சொல்ல முடியுமா?”

லாம்பர்ட் கொஞ்சமும் பதறவில்லை. தனக்குக் கிடைத்த தகவல் அப்படி என்றார். படங்களைத் தான் நம்பிக்கையோடு வாங்கியதாகச் சொன்னார்.

“யாரிடம் வாங்கினீர்கள்?”

“இதோ, இந்தப் பெண்மணியிடம்தான்.” அவர் மேரிறோஸைச் சுட்டினார். “வரைந்தது இவர். கையெழுத்தை இட்டது இவர். நான் போடச் சொன்னேன் என்று எங்கேயாவது எழுத்தில் இருக்கிறதா? மிஸஸ் கஸ்பர், உங்களுடைய விசா எந்த மாதம் முடிகிறது? இதை அதிகாரிகள் விசாரித்தால் யாருக்கு நட்டம் என்று யோசித்துப் பார்த்தீர்களா?”

கஸ்பர் மேரிறோஸின் கையைப் பிடித்து, “வாரும், போவம்” என்றான்.

மிஸ் ஆஸ்கியூ கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“கையெழுத்தைப் போட நான்தான் அனுமதி கொடுத்தேன்.”

“எப்போது?” என்றார் லாம்பர்ட்.

“முதல் படத்துக்கு முன்பே. இவள் எனக்குப் பழக்கமானவள். என் பாணியில் வரையச் சொன்னேன். விற்பதற்கு உனக்கு அனுமதி கொடுத்தது யார்?”

அது முழுப் பொய். லாம்பர்ட்டுக்கும் அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மறுத்துக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. அட்டையைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டார். கடையில் இருந்த ஏழு படங்களைக் கடதாசியில் சுற்றித் தந்தார். மற்றப் பன்னிரண்டும் எங்கே போயின என்று கேட்டபோது ஞாபகம் இல்லை என்றார்.

திரும்பி வரும்போது மேரிறோஸுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்காக இந்த மனிசி ஏன் பொய் சொன்னார்? இதற்குப் பதிலாக என்ன கேட்கப்போகிறார்? கடைசியில் கேட்டேவிட்டாள்.

“எனக்கு அவனைப் பிடிக்கவில்லை” என்றார் மிஸ் ஆஸ்கியூ. “உன்னைப் பிடித்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உண்மையில் பத்தொன்பதுதானா? கூட இல்லையே?”

மிஸ் ஆஸ்கியூ கவுன்சிலில் வியாபார மோசடிகளை விசாரிக்கும் பகுதிக்கு எழுதினார். ஓர் அதிகாரி இரண்டு தரம் கடைக்குப் போனார். அந்தக் கோடை முழுதும் பிளேஸ்டோவில் கதவு மணி அடித்தால் மேரிறோஸும் கஸ்பரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கீழ்த்தட்டில் குடியிருந்த கலாவதி சீனி இரவல் கேட்க வந்தால்கூட, திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கஸ்பர் இறங்குவான். ஒக்டோபரில் இஸ்லிங்டன் கடையில் வேறு யாரோ விளக்குகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். லாம்பர்ட் எங்கே போனார் என்று தெரியவரவில்லை.

நவம்பரில் குரோய்டனிலிருந்து மண்ணிற உறை வந்தது. நேரில் வரும்படி அழைப்பு. லாம்பர்ட்தான் எழுதிப்போட்டிருக்கிறான் என்று கஸ்பர் அடித்துச் சொன்னான். மூன்று மணித்தியாலம் காத்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பழைய விலாசம் ஒன்றைப் பற்றி மட்டும் கேட்டாள். வேறு ஒரு கேள்வியும் இல்லை. அனுமதி நீடித்தது. வெளியே வந்தபிறகும் கஸ்பர், “ஏன் ஒண்டும் கேக்கேல்லை?” என்று ரெயில் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

மேரிறோஸ் மாதத்தில் ஒரு ஞாயிறு வால்தம்ஸ்டோ போய்வந்தாள். மிஸ் ஆஸ்கியூ அவளுடைய மீன் கட்லட்டை இரண்டாக உடைத்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அவள் தேநீர் போடப் போனால் லாச்சியைப் பூட்டுவார். ஆனாலும் அவள் வரப் பிந்தினால் ஜன்னலோரம் நிற்பார்.

தொண்ணூற்று நான்கில் அந்தப் பகுதி நூலகம் மிஸ் ஆஸ்கியூவின் ஆண்டுமலர்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஒரு சிறிய கண்காட்சி நடத்தியது. அவரால் அப்போது நடக்க முடியவில்லை. மேரிறோஸ்தான் போய் நின்றாள். மூலப் படங்கள் யாவும் போரில் அழிந்தன என்று ஒரு பலகையில் எழுதியிருந்தது. இரண்டாம் நாள் ஒரு கனவான் துணியில் சுற்றிய சட்டத்தோடு வந்தார்.

“அந்தப் பலகையைத் திருத்துங்கள். ஒன்று என்னிடம் இருக்கிறது.”

துணியை விலக்கினார். மணலில் முழங்காலிட்டு வாளி நிரப்பும் மூன்று பிள்ளைகள். மேரிறோஸ் தொண்ணூற்றொன்று டிசம்பரில், ஹீற்றர் வேலை செய்யாத அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரைந்தது.

நூலகர் பலகையைத் திருத்தப் பேனையை எடுத்தார். பேசாமல் இருந்திருந்தால் எவருக்கும் தெரியாது. மேரிறோஸ் முன்னால் போனாள்.

“ஐயா, மன்னிக்க வேண்டும். இது நான் வரைந்தது.”

அவர் அவளுடைய முகத்தையும் கோட்டையும், கையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியையும் பார்த்தார். பிறகு நூலகரிடம் திரும்பி, “இவர் இங்கே வேலை செய்கிறவரா?” என்று கேட்டார்.

அவள் மிஸ் ஆஸ்கியூவின் விலாசத்தை எழுதி நீட்டினாள். அவர் வாங்கவில்லை. படத்தைத் துணியால் மூடி, அவள் பக்கம் வராதபடி மற்றக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். நூலகர் பேனையை மூடி வைத்தார். பலகையை எவரும் திருத்தவில்லை.

அன்று பின்னேரம் கஸ்பரிடம் சொன்னபோது அவன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தான். மூன்று வருடத்தில் அவன் அப்படிச் சிரித்ததை அவள் பார்க்கவில்லை.

“நீர் உண்மையைச் சொன்னாலும் ஆள் நம்பேல்லை.”

“நம்பேல்லை.”

“அப்ப விடும். இன்னும் பதினொண்டு வெளியில நிக்குது. எல்லாத்துக்கும் பின்னால ஓட ஏலுமே?”

“ஓடத்தான் வேணும்” என்றாள் மேரிறோஸ். திங்கட்கிழமை நூலகத்துக்குப் போன் செய்து, வருகைப் புத்தகத்தில் இருந்த அந்தக் கனவானின் விலாசத்தைக் கேட்டாள். அவர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.